கேட்போன் கதைஞனாகும் போது: ஊடாட்டக் கதையும் அறப்பொறுப்பும்

கதை என்பது கூறுவோன், கேட்போன் ஆகிய இருவருக்குமிடையே நெடுங்காலமாக நிலவி வந்த ஓர் உடன்பாட்டின் விளைவாகும். கூறுவோன் கதையின் போக்கைத் தீர்மானிப்பான். கேட்போன் அதனைப் பின்தொடர்வான். கோவலன் மதுரைக்குச் செல்லாதிருந்திருக்கலாகாதா எனக் கேட்போன் ஏங்கலாம். ஆயின், அவனைப் புகாரிலேயே நிறுத்தி வைக்கும் அதிகாரம் கேட்போனுக்கு இருந்ததில்லை. அதிகாரம் இல்லாதவிடத்துப் பொறுப்பும் இல்லை. இதனாலேயே கதையில் நிகழும் நன்மை தீமைகள் பற்றிய வினா எழுந்த போதெல்லாம், அறவோரும் அரசும் கூறுவோனை நோக்கியே விரல் நீட்டினர்.

கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இயங்கும் ஊடாட்டக் கதைகள் இவ்வுடன்பாட்டை அடியோடு மாற்றியுள்ளன. இவற்றில் வாசகன் கதாபாத்திரம் ஒன்றின் இடத்தில் நிற்கிறான். அவன் தெரிவதற்கேற்பக் கதை நகர்கின்றது. செயற்கை நுண்ணறிவு புகுந்த பின்னர், முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட கிளைகளுக்கும் தேவையில்லாது போயிற்று. வாசகன் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இயந்திரம் மறுவாக்கியம் ஆக்கிக் கொடுக்கின்றது. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை நோக்கிக் காலி வீதி வழியே செல்லும் பேருந்தில் அமர்ந்திருக்கும் ஒருவன், இறங்குமிடம் வருவதற்குள் ஓர் அரசைக் கைப்பற்றலாம்; நண்பனைக் காட்டிக் கொடுக்கலாம்; காதலித்தவளைக் கைவிடலாம். அருகில் இருப்பவருக்கு அவன் செய்தது எதுவும் தெரியாது.

இம்மாற்றத்தின் விளைவை அண்மைய நிகழ்வொன்று தெளிவாகக் காட்டுகின்றது. கற்பனைப் பாத்திரங்களோடு உரையாடுவதற்கு வழிசெய்யும் கேரக்டர் ஏஐ என்னும் அமெரிக்கச் செயலியின் மீது, 2024 ஒக்டோபரிற் புளோரிடாவைச் சேர்ந்த தாய் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். பதினான்கு வயதான தமது மகன் உயிரை மாய்த்துக்கொண்டமைக்கு, அச்செயலியின் பாத்திரம் ஒன்றோடு அவனுக்கு ஏற்பட்ட பிணைப்பும் காரணம் என்பது அவரது குற்றச்சாட்டு. அதனைத் தொடர்ந்து வேறு வழக்குகளும் எழுந்தன. 2025 ஒக்டோபர் இறுதியில் அந்நிறுவனம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் தன் பாத்திரங்களோடு வரம்பின்றி உரையாடுவதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. நவம்பரில் அதற்கு ஈடாகக் ‘கதைகள்’ என்னும் புதிய வடிவத்தை அறிமுகப்படுத்தியது. பாத்திரங்களைத் தெரிந்து, காட்டப்படும் கிளைகளுள் ஒன்றைத் தேர்ந்து செல்லும் கதைவடிவம் அது. ஈண்டு மனங்கொளத்தக்கது யாதெனில், விதியொன்று தேவைப்பட்ட இடத்தில் ஓர் இலக்கிய வடிவமே விதியாக முன்வைக்கப்பட்டது என்பதாகும்.

இதிலிருந்து இரு வினாக்கள் எழுகின்றன. கதையை வாசகனே ஆக்கும்போது அதன் அறப்பொறுப்பு எவரைச் சாரும்? அக்கதைக்கு விதி வகுக்கும் உரிமை எவருக்கு, எந்நிபந்தனையின் பேரில் உண்டு?

கேட்போனைக் கதைக்குள் இழுக்கும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. தமிழ் மக்கள் நன்கறிந்த விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் சொல்லும் கதைகள் யாவும் ஒரு வினாவில் வந்து நிற்கின்றன. விடை தெரிந்தும் வாய்திறவாதிருந்தால் அரசனின் தலை வெடித்துவிடும். வாய்திறந்தால் வேதாளம் மீண்டும் மரத்துக்குப் போய்விடும். தீர்ப்பு வழங்குவது கேட்போனின் கடமை என்பதும், அதற்கு ஒரு விலை உண்டு என்பதும் இவ்வடிவத்திலேயே பொதிந்துள்ளன. இறுதிக் கதையின் சிக்கலுக்கு அரசனிடம் விடை இல்லை, அவன் மௌனமாகிறான். அம்மௌனமே அவனைக் காப்பாற்றுகின்றது. அறிந்து மறைக்கும் மௌனத்தையும், அறியாமையை ஏற்கும் மௌனத்தையும் வேறுபடுத்திக் காட்டுமளவுக்கு நுட்பமான வடிவம் அது.

அமெரிக்காவில் 1970 களின் நடுப்பகுதியில் வில்லியம் குறோதர் என்பவர், தாம் அறிந்த குகையொன்றை மாதிரியாகக் கொண்டு, தம் புதல்வியர் விளையாடுவதற்கெனச் சொற்களால் இயங்கும் கணினிக் கதையொன்றை ஆக்கினார். இத்துறையின் முன்னோடியாக இதனையே குறிப்பிடுவர். 1979 இல் எட்வேர்ட் பக்கார்ட் எழுதிய சிறுவர் நூலொன்றோடு, வாசகன் தன் வழியைத் தானே தெரிந்து பக்கம் புரட்டும் நூல்வரிசை ஒன்று வெளிவரத் தொடங்கியது. அவ்வரிசையில் அவர் 1982 இல் எழுதிய விண்வெளிக் கதையொன்றில் விந்தையான ஓர் ஏற்பாடு உண்டு. கதையில் தேடப்படும் இன்பவுலகைக் கூறும் பக்கம் நூலில் இருக்கின்றது. ஆயின், எந்தத் தெரிவும் அப்பக்கத்துக்கு இட்டுச் செல்வதில்லை. விதியை மீறிப் பக்கங்களைப் புரட்டுபவனுக்கே அது கிட்டும். வாசகனுக்கு அளிக்கப்படும் தெரிவு வேறு, அவனது சுதந்திரம் வேறு என்பதை இச்சிறுவர் நூல் விளையாட்டாகவே உணர்த்தி விடுகின்றது.

பிரேசில் நாட்டு அரங்கியலாளர் அகுஸ்தோ போல் 1970 களில் உருவாக்கிய விவாத அரங்கு இவ்வரிசையில் வைத்து நோக்கத்தக்கது. ஒடுக்குமுறை ஒன்றைச் சித்திரிக்கும் நாடகம் நடைபெறும். பார்வையாளர் அதனை இடைநிறுத்தி மேடைக்கு வந்து, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் நின்று மாற்றுவழியை நடித்துக் காட்டுவார். இங்கும் விதிகள் உண்டு. பார்வையாளர் ஒடுக்குவோனின் இடத்தை எடுத்து அவனை இரவோடிரவாக நல்லவனாக்கிவிட முடியாது. மந்திரத்தால் மாங்காய் விழுத்தும் தீர்வைச் சபையோரே ஏற்கமாட்டார்கள். விதி இங்கே பங்குபற்றுவோனின் கற்பனையை ஒடுக்கவில்லை. அதனை உண்மையோடு மோத வைக்கின்றது. வேதாளக் கதைக்கும் விவாத அரங்குக்கும் உள்ள ஒற்றுமை இதுவேயாகும்: தெரிவுக்கு விளைவு உண்டு, அத்தெரிவைக் கண்டு வினவும் ஒருவரும் உண்டு.

இனி, முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். கதையினுள் தீமையைத் தெரிபவன் தீமை செய்தவனாவானா? கற்பனையிற் கொலை செய்தவன் கொலைகாரன் அல்லன் என்பதில் ஐயமில்லை. அங்கே இறந்தவர் எவருமில்லை. ஆயின், அத்துடன் வினா முடிந்துவிடுவதில்லை. பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலின் மூன்றாம் பகுதியில், கவிஞன் தன் குரலில் எடுத்துரைப்பதையும், பாத்திரமாகவே மாறிப் பேசுவதையும் வேறுபடுத்தினார். இரண்டாவதையே அவர் அஞ்சினார். இழிந்தோரைப் போலச் செய்பவன், நாளடைவில் அச்செய்கையைத் தன் இயல்பாக்கிக் கொள்வான் என்பது அவரது வாதம். அரிஸ்டோட்டில் இதற்கு மாறாக, துன்பியல் நாடகம் அச்சத்தையும் இரக்கத்தையும் எழுப்பி அவற்றைத் தூய்மை செய்கின்றது என்றார். வாசகன் வெறும் வாசகனாக இருந்தவரையில் அரிஸ்டோட்டிலின் பக்கமே வலுவுடையதாகத் தோன்றியது. வாசகனே பாத்திரமாகி ‘நான்’ எனப் பேசத் தொடங்கியதும் பிளேட்டோவின் பழைய அச்சம் புத்துயிர் பெறுகின்றது.

ஆயினும், பிளேட்டோவை அப்படியே ஏற்றல் பொருந்தாது. மட்டக்களப்பிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்தாடியோர் இராவணனாகவும் துரியோதனனாகவும் விடியும்வரை ஆடினர். கொடியவனாக ஆடியமையால் அவர்கள் கொடியவராயினர் என எவரும் சொன்னதில்லை. இதற்குக் காரணம் கூத்தின் கட்டமைப்பிலேயே உள்ளது. ஆடுவோனைப் பழக்கிய அண்ணாவியார் அருகில் நின்றார். எதிரே ஊர் அமர்ந்திருந்தது. விடிந்ததும் மங்களம் பாடிக் கூத்து முடிந்தது. வேடத்தைக் கலைத்தவன் வயலுக்கோ கடலுக்கோ போனான். பாத்திரத்தினுள் புகுவதற்கும் அதிலிருந்து மீள்வதற்கும் சமூகம் வாயில்களை அமைத்திருந்தது. பிளேட்டோ அஞ்சிய கேடு போலச்செய்தலில் மாத்திரம் தங்கியதன்று. மீளும் வாயில் இல்லாத போலச்செய்தலிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது.

வரம்பற்ற உரையாடற் செயலியில் இல்லாதிருப்பவை இவ்வாயில்களே. அங்கே அண்ணாவியார் இல்லை, சபை இல்லை, மங்களமும் இல்லை. பாத்திரம் எந்நேரமும் விழித்திருக்கிறது. உரையாடுவோன் சோர்ந்து உறங்கும் வரையிற் பதிலளித்துக் கொண்டே இருக்கிறது. அது பெரும்பாலும் அவன் சொல்வதற்கு இசைந்தே போகின்றது. வேதாளத்தைப் போல அவனை எதிர்த்து வினவுவது அரிது. தனிமையில் வாடும் இளைஞனுக்கு இது நட்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆகவே, முடிவற்ற உரையாடலின் இடத்தில் தொடக்கமும் முடிவும் உடைய கதைவடிவத்தை வைத்தமை, வழக்கின் அழுத்தத்தாலோ வணிக நோக்காலோ செய்யப்பட்டதாயினும், ஓர் உண்மையைத் தொட்டு நிற்கின்றது. கதையின் வடிவமே முதலாவது அறவிதியாகும். எவ்விடத்தில் நிறுத்துவது, எதனை வினவுவது, எப்போது முடிப்பது என்பன சொற்களைத் தணிக்கை செய்வதிலும் பார்க்க ஆழமான அறத்தீர்மானங்களாம்.

இதனால் முதல் வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கின்றது. வாசகன் தன் தெரிவுக்குப் பொறுப்பாளியே. அத்தெரிவு தன்னை எவ்வாறு பழக்குகின்றது என்பதைக் கவனிக்கும் கடமை அவனுடையது. ஆயின், தெரிவுகளின் களத்தை அமைத்தவனின் பொறுப்பு அதனிலும் பெரிது. வாசகனின் கைக்குப் பேனாவைக் கொடுத்துவிட்டோம் என்று கூறி நிறுவனம் தன் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. பேனாவும் தாளும் மையும், எழுதி முடிக்கவொண்ணா இரவும் அதனுடையவையே.

இரண்டாம் வினா விதிகளைப் பற்றியது. இத்துறையிற் பெரிதும் பேசப்பட்ட நிகழ்வு 2021 இல் நேர்ந்தது. நிக் வோல்ற்றன் என்பவர் 2019 இல் வெளியிட்ட ஏஐ டஞ்சன் என்னும் கதைச்செயலி, வாசகன் எழுதுவது எதுவாயினும் அதிலிருந்து கதையைத் தொடர்ந்து ஆக்கவல்லது. சிலர் அதனைப் பயன்படுத்திச் சிறுவரைப் பாலியல் வக்கிரத்துக்கு உள்ளாக்கும் கதைகளை எழுதியமை தெரியவந்தது. அச்செயலிக்கு மொழியியந்திரத்தை வழங்கிய ஓப்பன் ஏஐ நிறுவனம் அதனைத் தடுக்குமாறு வற்புறுத்தியது. 2021 ஏப்ரிலில் வடிகட்டி ஒன்று பொருத்தப்பட்டது. உடனே வேறு முறைப்பாடுகள் எழுந்தன. எட்டு ஆண்டு பழமையான மடிக்கணினி ஒன்றைப் பற்றிய வாக்கியத்தையும் அது தடுத்தது எனப் பயனர் கூறினர். சொல்லின் பொருளை அறியாது எண்ணைக் கண்டு அஞ்சிய இயந்திரம் அது. தாம் அந்தரங்கமாக எழுதியவற்றை நிறுவனத்தார் படிக்கக்கூடும் என்பது அவர்களை மேலும் சினங்கொள்ளச் செய்தது.

இந்நிகழ்விலிருந்து ஒருசாரார், கதைக்கு விதியே வேண்டாம் என வாதித்தனர். இவ்வாதத்தை ஏற்பது அரிது. சிறுவர் மீதான வக்கிரத்தை ஒத்திகை பார்ப்பதற்கு இயந்திரம் ஒன்றை இயக்கிக் கொடுக்கும் நிறுவனம், தான் வெறும் கருவி என நடுநிலை பேசமுடியாது. நோக்கத்தில் தவறில்லை. குறை, விதி இயங்கிய முறையிலேயே இருந்தது. எது தடுக்கப்பட்டது, ஏன் தடுக்கப்பட்டது, யாரிடம் முறையிடுவது என்பன வாசகனுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. காரணம் கூறாத விதி, தீயவனைத் தந்திரசாலியாக்குகின்றது. நல்லவனைத் தன்னையே ஐயுறச் செய்கின்றது. இருவருள் எவரது மனச்சான்றையும் அது வளர்ப்பதில்லை.

தமிழிலக்கிய மரபில் விதி எவ்வாறு வழங்கியது என்பதை இவ்விடத்து ஒப்பிட்டு நோக்கலாம். அன்பின் ஐந்திணையைப் பாடுமிடத்து எவரொருவரது இயற்பெயரையும் சுட்டிக் கூறலாகாது எனத் தொல்காப்பியம் விதிக்கின்றது. காதல் எவர்க்கும் பொதுவானது ஆதலின் ஒருவருக்கு மட்டும் உரியதாக அதனைக் குறுக்கலாகாது என இவ்விதிக்கு அழகியல் விளக்கம் தரலாம். அறவியல் விளக்கம் ஒன்றும் இதற்கு உண்டு. வாழும் மனிதர் ஒருவரது அந்தரங்கத்தைப் பிறரது சுவைக்குப் பொருளாக்கலாகாது என்னும் நாகரிகம் அதில் உள்ளடங்கியிருப்பதாகக் கொள்வதில் தவறில்லை. இன்றைய கதைச்செயலிகள் பல, உண்மையில் வாழும் மனிதரைப் பாலியற் கதைகளிற் பாத்திரமாக்குதலைத் தடைசெய்கின்றன. தொல்காப்பியர் கவிதைக்கு வகுத்த எல்லைக்கும் இத்தடைக்கும் இடையே உள்ள ஒப்புமை சிந்திக்கத்தக்கது.

எனினும், இவ்விரண்டும் இயங்கும் முறை வேறு. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் தலைவனின் பெயர் எங்கும் வரவில்லை. ஆயின், வேல் ஒன்றில் வேம்பு சூட்டப்பட்டிருந்தமை குறிப்பிடப்படுகின்றது. வேம்பு பாண்டியனின் அடையாளமாதலின், அப்பாட்டு ஒருவரைச் சுட்டியதாயிற்று எனவும், அதனாற் புறமெனக் கொள்ளத்தக்கது எனவும் நச்சினார்க்கினியர் உரைத்தார். அது அகமே என வாதிப்போர் பின்னரும் இருந்தனர். இவ்வாதம் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலும் தொடர்ந்தது. விதி மீறப்பட்டதாகக் கருதிய உரையாசிரியர் பாட்டை அழித்துவிடவில்லை. வேறிடத்தில் வைத்தார், காரணம் சொன்னார், தம் பெயரையும் அதில் பொறித்தார். எதிர்ப்போர் அக்காரணத்தை எடுத்து மறுக்க முடிந்தது. மரபு என்பது இத்தகைய மறுப்புகளாலேயே வளர்ந்தது. நள்ளிரவில் மாற்றப்பட்டு, பெயரற்ற இயந்திரத்தால் நிறைவேற்றப்படும் நெறிமுறைக்கு இவ்வுயிர்ப்பு இல்லை.

மொழி பற்றிய சிக்கலும் இதனோடு இணைந்துள்ளது. 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் மீது வன்முறை கட்டவிழ்ந்த வேளையில், முகநூலில் வெறுப்பைக் கக்கும் பதிவுகள் பரவின. சிங்கள மொழியறிந்த கண்காணிப்பாளர் போதியளவில் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை. அவ்வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 இல் அது வருத்தம் தெரிவித்தது. ஆங்கிலத்தில் வகுக்கப்பட்ட நெறிமுறை, பிறமொழிகளில் நஞ்சைத் தப்பவிட்டமைக்கு இது சான்றாகும். தமிழில் எழுதப்படும் கதையில் இதற்கு எதிர்மாறான தவறும் நிகழக்கூடும். வசைமொழியும் செல்லமொழியும், ஒப்பாரியும் நையாண்டியும் ஒரே சொற்களாற் பின்னப்படும் மொழி இது. பாத்திரத்தின் கூற்றையும் ஆசிரியனின் கூற்றையும் வேறுபடுத்தியறியாத வடிகட்டி இங்கே நீதிபதியாக அமர முடியாது.

அவ்வாறான வாசிப்பு மனிதரிடமிருந்து வந்தாலும் விளைவு கொடிதே. தமிழில் எழுதும் மன்னார்ப் பகுதிக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்னும் தமது கவிதைத் தொகுதியின் பேரில் 2020 மே மாதத்திற் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்க் கைதானார். 2021 டிசெம்பரிற் பிணையிலும், 2023 டிசெம்பரில் வழக்கிலிருந்தும் விடுவிக்கப்பட்டார். ஒரு கவிதை நூலை எவர் வாசிக்கிறார், எம்மொழியில் வாசிக்கிறார், என்ன நோக்கோடு வாசிக்கிறார் என்பன ஒருவரது வாழ்வின் ஆண்டுகளைத் தீர்மானித்தன. மேடை நாடகப் பிரதிகளை முன்கூட்டியே பரிசீலிக்க 1912 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் கண்ட நாடு இது. 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும், அதன் வரைவிலக்கணங்கள் தெளிவற்றவை என்னும் கண்டனத்தின் மத்தியிலேயே நிறைவேறியது. எனவே, ‘நெறிமுறை’ என்னும் சொல்லை இந்நாட்டு மாணவர் ஐயத்தோடு நோக்குவாராயின் அதனைக் குறைகூற முடியாது.

ஆயினும், ஐயம் மட்டும் கொள்கையாகிவிடாது. அரசின் தணிக்கைக்கு அஞ்சி எல்லா விதியையும் மறுப்போமாயின், களத்தை நிறுவனங்களின் இலாபக் கணக்குக்கு ஒப்படைத்தவர்களாவோம். அதுவும் ஒரு விதியே. அதன் பெயர் சந்தை. வாசகன் எவ்வளவு நேரம் பிரியாதிருக்கிறான் என்பது அச்சந்தை மதிக்கும் அளவுகோல். தனியனாகிய சிறுவனுக்கும் பெரும் மூலதனத்துக்கும் இடையே விதி ஏதும் இல்லையெனில், அங்கே நிலவுவது வலியோனின் சுதந்திரம் மட்டுமே.

ஆகவே, கதைக்கான விதியொன்று அறத்தின்பாற்பட்டதா என அறிவதற்கு மூன்று வினாக்களை எழுப்பலாம். முதலாவது, அது உண்மையான ஓர் உயிரைக் காக்கின்றதா, அன்றி எவரது மனங்கோணலையேனும் தவிர்க்க முயல்கின்றதா? சிறுவரைக் காப்பதும் வாழ்வோரின் மானத்தைக் காப்பதும் முதல்வகை. அதிகாரத்தையோ நிறுவனத்தின் நற்பெயரையோ காப்பது இரண்டாம்வகை. இரண்டாவது, அது காரணத்தோடு வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளதா? மூன்றாவது, கதையின் மொழியையும் மரபையும் அறிந்த மனிதர் ஒருவரிடம் அதனை எதிர்த்து முறையிட வழியுண்டா? இம்மூன்றுக்கும் விடை கூறமுடியாத விதி, எத்துணை நல்ல நோக்குடையதாயினும், கட்டளை என்ற நிலையிலிருந்து உயர்வதில்லை.

இவ்வினாக்களிலும் ஓர் இடர் எஞ்சியுள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. முறையீட்டை விசாரிக்க வேண்டுமெனில் எழுதப்பட்டதை மற்றொருவர் படிக்க வேண்டும். படிப்பின் அந்தரங்கம் கெடும். எவரும் காணாத இடத்தில் மனிதன் தன் இருண்ட எண்ணங்களை எழுதிப் பார்த்துக் கிழித்தெறியும் உரிமை சிறியதன்று. பல நல்ல இலக்கியங்கள் அக்கிழிசல்களிலிருந்தே பிறந்தன. ஆயின், செயலியில் எழுதுவது நாட்குறிப்பில் எழுதுவதற்கு ஒப்பாகாது. அங்கே மறுமொழி சொல்லும் ஒன்று இருக்கின்றது. அதன் உடைமையாளர் இருக்கின்றார். இவ்வுண்மையை வாசகனுக்கு முன்கூட்டியே உரைப்பது குறைந்தபட்ச நேர்மையாகும். அந்தரங்கம் இருப்பதாக நம்பவைத்துப் பின்னர் படிப்பது, படிப்பதிலும் பார்க்கப் பெரிய பிழை.

விதிகள் எவ்வளவு செம்மையாயினும் அவற்றால் ஆகாத ஒன்று உண்டு. தெரிவுக்கு முன்னே தயங்கி நிற்கும் அந்தக் கணத்தை அவை வாசகனுக்காக வாழ்ந்து கொடுக்க முடியாது. தீய கிளைகள் யாவற்றையும் வெட்டிவிட்ட கதையில் நல்லதைத் தெரிபவன் நல்லவனாகிவிடுவதில்லை. அவனுக்கு வேறு வழியே இல்லை. எல்லாக் கிளைகளையும் விலையின்றித் திறந்துவிட்ட கதையிலும் அவன் எதனையும் தெரிவதில்லை, அலைகின்றான். தெரிவுக்கு விலை வைத்து, காரணம் கேட்டு, உரிய நேரத்தில் மங்களம் பாடி அவனை வீட்டுக்கு அனுப்பும் வடிவங்களை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அவ்வடிவங்களைப் புதிய கருவிகளிற் பொருத்திக் காணும் பணி, நெறிமுறை வரைவோரிடம் மாத்திரம் விடப்படத்தக்கதன்று. கதை எழுதுவோரும், அரங்கியல் பயில்வோரும், தமிழ் கற்கும் மாணவரும் ஏற்கவேண்டிய பணி அது. அவர்கள் ஏற்காவிடின், தமிழ் அறியாத எவரோ அதனைத் தமிழுக்கும் சேர்த்துச் செய்து முடிப்பர்.